மொழிக் கணக்கில் இடம்பெறாத மலைத்தமிழ்: மாரமங்கலத்தை முன்வைத்து ஓர் ஆய்வு

ஆய்வுச் சுருக்கம்

அருகிவரும் மொழிகளையும் மறைந்த மொழிகளையும் தொகுக்கும் பட்டியல்கள், தனிப்பெயர் பெற்ற மொழிகளையே கணக்கில் கொள்கின்றன. ஒரு பெருமொழியின் பெயருக்குள் அடங்கும் சிறு வழக்குகள் அப்பட்டியல்களில் இடம்பெறுவதில்லை. சேலம் மாவட்டம் ஏற்காடு வட்டத்தைச் சேர்ந்த மாரமங்கலம் முதலிய சேர்வராயன் மலை ஊர்களில் வாழும் மலையாளிப் பழங்குடியினரின் தமிழ் இத்தகையது. இவ்வழக்கு பதிவுகளிலிருந்து விடுபட்டதற்குப் பேசுவோர் தொகை குறைவு என்பது காரணமன்று. பெயரின்மையே காரணம் என்பதை இக்கட்டுரை நிறுவுகிறது. மக்கள் இடப்பெயர்வு பற்றிய வாய்மொழி மரபை மொழிச்சான்றுகளால் சோதிக்கும் முறையையும், ஆவணப்படுத்தலில் முதலிடம் பெற வேண்டிய சொற்களங்களையும் முன்வைக்கிறது.

திறவுச்சொற்கள்: கிளைமொழி, திசைச்சொல், மலையாளிப் பழங்குடி, சேர்வராயன் மலை, மொழி மறைவு, ஆவணப்படுத்தல்.

1. முன்னுரை

வட்டார வேறுபாட்டைத் தமிழ் இலக்கண மரபு தொடக்கத்திலேயே அறிந்திருந்தது. தொல்காப்பியம் செய்யுட்குரிய சொற்களை இயற்சொல், திரிசொல், திசைச்சொல், வடசொல் என நான்காகப் பகுத்தது. திசைச்சொல்லைச் செந்தமிழ் நிலத்தைச் சேர்ந்த பன்னிரு நிலங்களோடு தொடர்புபடுத்தியது. அதற்கு உரை வகுத்தோர் குட்டநாட்டார் தாயைத் 'தள்ளை' என வழங்குவர் என்பது போன்ற சில எடுத்துக்காட்டுகளைத் தந்தனர். அச்சொல் இன்று மலையாளத்தில் 'தள்ள' என வழங்குகிறது. உரையாசிரியர் போகிற போக்கில் குறித்த ஒரு சொல், பல நூற்றாண்டுகளுக்குப் பின்னர் இரு மொழிகளின் உறவை விளக்கும் சான்றாக நிற்கிறது. அவர்கள் குறிக்காது விட்ட சொற்கள் எத்தனை என்பதை இன்று அறிய வழியில்லை.

இதே இழப்பு மலைப்பகுதித் தமிழ் வழக்குகளில் இன்று நேரக்கூடும் என்பதே இக்கட்டுரையின் கவலை. நீலகிரியின் தோடா, கோத்தா முதலிய மொழிகள் தனிமொழிகள் என ஏற்கப்பட்டமையால் உலகளாவிய கவனம் பெற்றன. எமனோ 1930களில் அங்கு மேற்கொண்ட களப்பணி, கோத்தா மொழிப் பனுவல்களாகவும் தோடாப் பாடல் தொகுப்பாகவும் தோடா இலக்கணமாகவும் வெளிவந்தது. யுனெஸ்கோவின் அழிநிலை மொழிகளின் வரைபடத்திலும் இவ்விரு மொழிகளும் மிகக் கடுமையான அழிநிலையில் உள்ளவையாகக் குறிக்கப்பட்டன. சேர்வராயன் மலையின் தமிழுக்கு இவ்வாறான இடம் கிடைக்கவில்லை. அது தமிழ் என்பதே அதற்குக் காரணமாயிற்று.

2. களமும் மக்களும்

கிழக்குத்தொடர்ச்சி மலையின் பகுதியான சேர்வராயன் மலை, சேலம் நகருக்கு வடக்கே அமைந்துள்ளது. மலையுச்சியில் குகைக்கோயில் கொண்டுள்ள சேர்வராயன் என்னும் தெய்வத்தின் பெயரே மலைக்கும் பெயராயிற்று. அத்தெய்வத்தோடு காவேரியம்மனும் அங்கு வழிபடப்படுகிறாள். ஆண்டுதோறும் மே மாதத்தில் நடைபெறும் விழா மலையூர்களை ஒன்றுசேர்க்கிறது. மாரமங்கலம், ஏற்காடு வட்டத்தின் ஊராட்சிகளுள் ஒன்று. நாகலூர், வெள்ளக்கடை, செம்மநத்தம், மஞ்சக்குட்டை, தலைச்சோலை, வாழவந்தி முதலியன அதே வட்டத்தின் பிற ஊராட்சிகள்.

இம்மலையின் முதன்மையான குடியினர் மலையாளிகள். 'மலை', 'ஆளி' என்னும் சொற்களால் ஆன இப்பெயர் மலையில் வாழ்வோரை, மலையை ஆள்வோரைச் சுட்டும். கேரளத்து மலையாளிகளோடு இவர்களுக்குள்ள தொடர்பு பெயரளவினது மட்டுமே. இவர்களின் தாய்மொழி தமிழ். கொல்லிமலை, பச்சைமலை, கல்வராயன் மலை, சவ்வாது மலை ஆகியவற்றிலும் மலையாளிகள் வாழ்கின்றனர்.

1909இல் வெளிவந்த எட்கர் தர்ஸ்டனின் 'தென்னிந்தியக் குலங்களும் குடிகளும்' இவர்களின் வாய்மொழி மரபைப் பதிவுசெய்துள்ளது. அதன்படி இவர்களின் முன்னோர் காஞ்சிபுரத்திலிருந்து புறப்பட்டு வந்தோர். உடன்பிறந்தோர் மூவருள் மூத்தவர் சேர்வராயன் மலையிலும் ஏனைய இருவர் கொல்லிமலையிலும் பச்சைமலையிலும் குடியேறினர். இம்மரபின் வடிவங்கள் இடத்துக்கு இடம் சிறிது வேறுபடுகின்றன. எனினும் சமவெளியிலிருந்து வந்தோர் என்பதும், மூன்று மலையினரும் ஒரே வழியினர் என்பதும் மாறாமல் இருக்கின்றன. இவ்விரு செய்திகளும் மொழியியலுக்கு முதன்மையானவை. இவை உண்மையாயின், மூன்று மலைகளின் வழக்குகளும் ஒரே பேச்சுத்தமிழிலிருந்து கிளைத்தவையாக இருத்தல் வேண்டும்.

3. பெயரும் எண்ணிக்கையும்

2011ஆம் ஆண்டு மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்படி தமிழ்நாட்டின் பழங்குடியினர் 7,94,697 பேர். அவர்களுள் மலையாளிகள் 3,57,980 பேர். அதாவது ஏறத்தாழ 45 விழுக்காட்டினர். தமிழ்நாட்டின் மிகப்பெரிய பழங்குடிச் சமூகம் இதுவே. ஆனால் அதே கணக்கெடுப்பின் மொழி அட்டவணையில் இச்சமூகத்தின் பேச்சுக்குத் தனி வரிசை கிடையாது.

கணக்கெடுப்பின் செயல்முறையை நோக்கினால் இதன் காரணம் புலப்படும். 2011இல் மக்கள் தம் தாய்மொழி எனக் கூறிய பெயர்கள் 19,569. அவை சீர்செய்யப்பட்டு 1,369 தாய்மொழிகளாக வகைப்படுத்தப்பட்டன. பின்னர், 10,000 பேருக்கு மேல் பேசுவோரைக் கொண்டவை 121 மொழிகளின் கீழ்த் தொகுக்கப்பட்டன. ஒரு வழக்கு இவ்வரிசைக்குள் நுழைய வேண்டுமாயின், அதைப் பேசுவோர் முதற்படியிலேயே அதற்குத் தனிப்பெயர் கூறியிருத்தல் வேண்டும். மலையாளிகள் தம் மொழியைத் தமிழ் என்றே கூறுவர். அது உண்மையும் ஆகும். ஆகவே அவர்களின் பேச்சு 6,90,26,881 பேர் கொண்ட தமிழ் என்னும் பெருந்தொகையில் கலந்துவிடுகிறது.

அழிநிலை மொழிகளைக் காப்பதற்கென 2013இல் ஒன்றிய அரசு தொடங்கிய திட்டம், மைசூரு இந்திய மொழிகளின் நடுவண் நிறுவனத்தால் நடத்தப்படுகிறது. 10,000 பேருக்குக் குறைவானோர் பேசும் மொழிகளே அதன் இலக்கு. மூன்றரை இலட்சம் பேர் கொண்ட ஒரு சமூகம், கோடிக்கணக்கானோர் பேசும் ஒரு மொழியின் பெயரால் அறியப்படும்போது, அத்திட்டத்தின் பார்வைக்கு வர இயலாது. பழங்குடிகளை வரையறுக்க 1965இல் லோகூர் குழு வகுத்த அளவுகோல்களான தொல்பழங்கூறுகள், தனித்த பண்பாடு, நிலவியல் தனிமை, வெளியாரோடு பழகத் தயங்குதல், பின்தங்கிய நிலை ஆகியவற்றுள்ளும் மொழி தனியாகக் குறிக்கப்படவில்லை. இவ்வாறு மொழிக் கணக்கில் இவர்கள் தமிழர். சமூகக் கணக்கில் பழங்குடியினர். இவ்விரு கணக்குகளும் சந்திக்கும் இடத்தில் இருக்க வேண்டிய மலைத்தமிழ் இரண்டிலும் இல்லை.

4. இருளர் மொழி தரும் படிப்பினை

மொழி அட்டவணையில் இடப்படும் பெயர் ஆய்வின் முடிவன்று என்பதற்கு இருளர் மொழி தக்க சான்று. கிரியர்சனின் இந்திய மொழியியல் அளவீட்டின் நான்காம் தொகுதி, ஸ்டென் கோனோவால் உருவாக்கப்பட்டு 1906இல் வெளிவந்தது. இருளா, கொரவா, கைக்காடி முதலியவை அதில் தமிழின் கிளைகளாகக் காட்டப்பட்டன. ஆனால் அவ்வளவீடு சென்னை மாகாணத்தில் நேரடியாக நடத்தப்படவேயில்லை. தமிழ் வழங்கும் நிலத்தின் பெரும்பகுதி அளவீட்டுக்கு வெளியே நின்றது. சேர்வராயன் மலையும் அவ்வாறே நின்றது.

1968இல் ஜெரார்டு டிஃப்லாத் தம் முனைவர் பட்ட ஆய்வில் இருளர் மொழியைத் தமிழுக்கு நெருங்கிய உறவுடைய மொழியாக ஆராய்ந்தார். 1973 முதல் கமில் சுவெலபில் வெளியிட்ட இருளர் மொழி நூல்கள் அதன் தனித்தன்மையை விரிவாக நிறுவின. தமிழில் இல்லாத நடு உயிர்கள் அம்மொழியில் உள்ளமை அத்தனித்தன்மையின் கூறுகளுள் ஒன்று. எனினும் மக்கள்தொகைக் கணக்கெடுப்பு இருளர் மொழியை இன்றும் தமிழ் என்னும் தலைப்பின் கீழேயே வைத்துள்ளது. 1906இன் வகைப்பாடு ஒரு நூற்றாண்டு கடந்தும் அட்டவணையில் வாழ்கிறது.

சேர்வராயன் மலை வழக்கும் தனிமொழியே என்பது இதனால் பெறப்படும் முடிவன்று. அவ்வழக்கு தமிழே. பெறப்படும் படிப்பினை வேறு: களத்தில் இறங்கி ஒலியனையும் உருபனையும் ஆராய்ந்த பின்னரே உறவின் அளவைக் கூற இயலும். கொல்லிமலைத் தமிழுக்கு அவ்வாறான ஆய்வு கிடைத்தது. கி. கருணாகரன் எழுதிய 'கொல்லிமலைத் தமிழ்க் கிளைமொழி' என்னும் ஆங்கில நூலை அண்ணாமலைப் பல்கலைக்கழகம் 1971இல் வெளியிட்டது. வாய்மொழி மரபு உடன்பிறந்த மலைகளாகக் கூறுவனவற்றுள் ஒன்றுக்கு விளக்க இலக்கணம் உள்ளது. மற்றவற்றை அதனோடு ஒப்பிடுவதற்கு அதுவே தொடக்கப் புள்ளி.

5. மொழி மறைவும் வழக்கு மறைவும்

உலகில் மறைந்த மொழிகள் சிலவற்றுக்கு மறைந்த நாளும் உண்டு. அந்தமானின் போ மொழி, 2010 சனவரியில் போவா மூதாட்டி இறந்தபோது மறைந்தது. காக்கேசியப் பகுதிக்குரிய உபிக் மொழி, 1992இல் துருக்கியில் தெவ்ஃபிக் எசென்ச் இறந்தபோது மறைந்தது. இறுதிப் பேச்சாளர் எனச் சுட்ட ஒருவர் இருந்தமையாலேயே இந்நாட்கள் அறியப்பட்டன. மொழிக்குப் பெயர் இருந்தமையாலேயே இறுதிப் பேச்சாளரும் அடையாளம் காணப்பட்டார்.

ஒரு மொழி வாழ்ந்துகொண்டிருக்கும்போதே அதன் வழக்கு ஒன்று மறைவதுண்டு. ஸ்காட்லாந்தின் கிழக்குச் சதர்லாந்துப் பகுதியில் புரோரா, கோல்ஸ்பி, எம்போ ஆகிய மீனவர் ஊர்களின் கேலிக் வழக்கை நான்சி டோரியன் 1963 முதல் ஆராய்ந்தார். கேலிக் மொழி பிற இடங்களில் வழங்கிவந்த காலத்திலேயே இவ்வூர்களில் அது தேய்ந்துகொண்டிருந்தது. முழுமையாகப் பேச இயலாமல், கேட்டுப் புரிந்துகொண்டு ஓரளவு பேசும் இளைய தலைமுறையினரை அவர் 'அரைப் பேச்சாளர்' என்றார். 1981இல் வெளிவந்த அவருடைய 'மொழி இறப்பு' என்னும் நூல் ஒரு கிளைமொழியின் வரலாறே ஆகும். அதே நாட்டின் குரோமார்ட்டி மீனவர் வழக்கு, 2012இல் பாபி ஹாக் என்னும் முதியவரின் இறப்போடு மறைந்ததாகச் செய்தி வெளியாயிற்று. ஸ்காட்ஸ் மொழி இன்றும் வழங்குகிறது. அந்த ஊரின் வழக்கு மட்டும் இல்லை.

தமிழின் மலைவழக்குகள் இவ்வகையைச் சேர்ந்தவை. மாரமங்கலத்தில் அடுத்த தலைமுறையும் தமிழே பேசும். எனவே மொழி மாறியதாக எவரும் கூறார். பாட்டியின் சொல்லைப் பேரன் கேட்டுப் புரிந்துகொள்வான். தான் சொல்லும்போது பாடநூலின் சொல்லையோ சேலத்துச் சொல்லையோ சொல்வான். இம்மாற்றம் ஒரே மொழிக்குள் நிகழ்வதால் இழப்பாகத் தோன்றுவதில்லை. பெயர் கொண்ட மொழியின் மறைவைவிட இது அமைதியானது. அதனாலேயே மீட்பதற்கு அரிதானது.

6. எழுத்துப் பதிவுகளின் எல்லை

பழைய பதிவுகளைக் கொண்டு மலைவழக்கை மீட்டுருவாக்கலாமே எனும் வினா எழலாம். பத்தொன்பதாம் நூற்றாண்டு முதல் இம்மலை பற்றிய குறிப்புகள் ஆங்கிலத்திலேயே மிகுதி. கிளைமொழி ஆய்வாளர் நாடும் ஒலி வேறுபாடுகளை ஆங்கில எழுத்து மறைத்துவிடுகிறது. சேர்வராயன் என்னும் பெயர் அதில் 'ஷெவராய்' ஆயிற்று. ரகர மெய்யும் பெயரின் ஈறும் மறைந்தன. ஏற்காட்டின் ஆங்கில எழுத்துக்கூட்டலோ யகரத்தில் தொடங்குகிறது. சொல் முதலில் வரும் ஏகாரத்துக்கு முன் பேச்சில் யகரச் சாயல் தோன்றுவதை அது தற்செயலாகப் பதிவுசெய்துள்ளது. கிடைப்பதும் இழப்பதும் எழுதியவரின் செவியைச் சார்ந்தன.

தமிழ் எழுத்துக்கூட்டலும் ஐயத்துக்கு இடமானதே. ஏற்காடு என்பதற்கு ஏரியை உடைய காடு என்னும் விளக்கம் மக்களிடையே பெருவழக்கு. ஆனால் 'ஏரி', 'காடு' என்பன புணரின் 'ஏரிக்காடு' ஆகும். இகரம் கெட்டாலும் 'ஏர்க்காடு' என நிற்கும். 'ற்க' என்னும் இணைவு, பால் + குடம் = பாற்குடம் என்பது போல லகர ஈற்றுப் புணர்ச்சிக்கு உரியது. எழுத்துவடிவமும் மக்கள் விளக்கமும் இவ்வாறு முரண்படுகின்றன. மாரமங்கலம் என்னும் பெயரிலும் இதுவே நிலை. இன்றைய அலுவலக எழுத்து 'மார' என்கிறது. தூத்துக்குடி மாவட்டத்தில் கொற்கையை அடுத்துள்ள ஊர் 'மாறமங்கலம்' என எழுதப்படுகிறது. உயிர்களுக்கிடையே ரகர றகர வேறுபாடு தமிழ்நாட்டின் பெரும்பகுதிப் பேச்சில் மறைந்துவிட்டது. கன்னியாகுமரிப் பகுதி வழக்கு அதனைக் காத்துவருகிறது. வேறுபாடு மறைந்த பகுதியில் ஓர் எழுத்தர் ரகரம் எழுதினாரா றகரம் எழுதினாரா என்பது சொற்பிறப்புக்குச் சான்றாகாது. ஆகவே ஊர்ப்பெயர் ஆய்வு ஆவணக் காப்பகத்தில் முடியாது. ஊரின் முதியோர் நாவிலேயே தொடங்க வேண்டும்.

7. வாய்மொழி மரபைச் சோதித்தல்

காஞ்சிபுரத்திலிருந்து வந்தோர் என்னும் மரபைக் கல்வெட்டாலோ செப்பேட்டாலோ சோதிப்பதைவிட மொழியால் சோதிப்பது பயன் தரும். தமிழ் வட்டார வழக்குகளைப் பிரித்துக்காட்டும் மூன்று கூறுகள் இங்கு உதவும்.

முதலாவது, ழகரத்தின் மாற்றொலி. தென்மாவட்டங்களில் 'பழம்' பெரும்பாலும் 'பளம்' என ஒலிக்கும். சென்னை முதலான வடபகுதிகளில் 'பயம்' என்பதும், 'கிழவி' என்பதற்குக் 'கெயவி' என்பதும் கேட்கப்படும். இரண்டாவது, வினையெச்சத்தோடு சேரும் துணைவினை வடிவம். பிற பகுதிகளில் 'பாத்துக்கிட்டு' என வருவது வடபகுதியில் 'பாத்துக்கினு' என வரும். மூன்றாவது, மரியாதை விகுதி. சேலத்துக்கு மேற்கே விரியும் கொங்கு வழக்கில் 'ங்க' விகுதி வினையோடும் பெயரோடும் பரவலாக இணையும்.

எனினும் இக்கூறுகளுள் ஒன்று மலைவழக்கில் காணப்பட்டாலே மரபு மெய்ப்பிக்கப்பட்டதாகாது. சந்தைக்கும் வேலைக்கும் இறங்கிச் செல்வோர் சமவெளியிலிருந்து ஒலியையும் வடிவத்தையும் கொண்டுவருவர். சேர்வராயன் மலையார் சேலத்தையும், கொல்லிமலையார் நாமக்கல், இராசிபுரம் பகுதியையும், பச்சைமலையார் துறையூர்ப் பகுதியையும் நாடுவர். எனவே உறுதியான சான்று வேறிடத்தில் உள்ளது. மலைகள் யாவற்றுக்கும் பொதுவாக இருந்து, அவற்றை அடுத்துள்ள சமவெளி வழக்குகள் எவற்றிலும் இல்லாத கூறுகளைத் திரட்ட வேண்டும். அவற்றுள்ளும் பழமையைக் காத்தமையால் பொதுவானவை, புதிதாகத் தோன்றிப் பொதுவானவை எனப் பிரிக்க வேண்டும். பழமையைப் பல இடங்கள் தனித்தனியே காத்திருக்கலாம். பல புதுமைகள் ஒருங்கே பொதுவாதல் ஓரினப் பிறப்பைச் சுட்டும். கருணாகரன் 1971இல் தந்த கொல்லிமலை விளக்கத்தை மாரமங்கலத்தில் திரட்டும் தரவுகளோடு இம்முறையில் ஒப்பிட்டால், மூன்று உடன்பிறந்தோர் கதை வரலாற்றுக் கருதுகோளாக உயரும் அல்லது தள்ளப்படும். இரண்டுமே ஆய்வுக்கு ஊதியம்.

8. மாற்றத்தின் சூழல்

1820களில் சேலம் மாவட்ட ஆட்சியராக இருந்த எம்.டி. காக்பர்ன் இம்மலையில் காப்பிப் பயிரை அறிமுகப்படுத்தினார். அதன்பின் தோட்டங்களும் வெளியார் குடியேற்றமும் கோடைவாழிடமும் தோன்றின. சாமை, தினை, கேழ்வரகு ஆகியவற்றைச் சார்ந்த மலை வேளாண்மைக்கு அருகே காப்பியும் மிளகும் சார்ந்த வேளாண்மை வளர்ந்தது. எஸ்டேட், ரைட்டர், மேஸ்திரி போன்ற சொற்கள் தோட்டத் தொழிலுக்கு உரியவை. ஒரு பயிர் வயலிலிருந்து நீங்கினால், அதன் விதைப்பு முதல் களத்துமேடு வரையிலான பல சொற்கள் பேசுவதற்கு இடமின்றி நீங்கும்.

2003இல் யுனெஸ்கோ வல்லுநர் குழு மொழியின் உயிர்ப்பை அளக்க ஒன்பது காரணிகளை வகுத்தது. தலைமுறை வழிப் பரவல், வழங்கும் களங்கள், கல்விக்கான பனுவல்கள், பேசுவோரின் மனப்பான்மை, ஆவணங்களின் அளவும் தரமும் ஆகியன அவற்றுள் சில. மொழிக்கென வகுக்கப்பட்ட இக்காரணிகளை வழக்குக்கும் பொருத்தலாம். அவ்வாறு பொருத்தும்போது 'தமிழ் பேசப்படுகிறதா?' என்னும் வினா பயனற்றுப்போகிறது. எந்தத் தமிழ், எந்த இடத்தில், யாரோடு, எந்தத் தலைமுறையினரால் என்பவையே கேட்கத்தக்க வினாக்கள். வகுப்பறையில் மலைச்சொல் பிழை எனத் திருத்தப்படுமாயின், பேசுவோரின் மனப்பான்மை என்னும் காரணி முதலில் வீழும். மற்றவை அதனைத் தொடரும்.

9. முதலிடம் பெற வேண்டிய சொற்களங்கள்

கி. ராஜநாராயணனின் கரிசல் சொல்லகராதியும் (1982) பெருமாள்முருகனின் 'கொங்கு வட்டாரச் சொல்லகராதி'யும் (2000) சமவெளி வழக்குகளுக்கு முன்மாதிரிகளாக உள்ளன. மலைவழக்குக்குச் செய்யும் தொகுப்பில் நான்கு களங்கள் முந்த வேண்டும். சிறுதானிய வேளாண்மைச் சொற்கள் முதலாவது. பயிரோடு மறைவன இவையே. செடி, கொடி, தேன், மூலிகை, மண், சரிவு, காற்று ஆகியவற்றைக் குறிக்கும் இயற்கைச் சொற்கள் இரண்டாவது. இவை மலைக்கே உரியன ஆதலின் சமவெளிச் சொல்லால் ஈடுசெய்ய இயலாதவை. உறவுப்பெயர்களும் விளிகளும் மூன்றாவது. பட்டக்காரர், கவுண்டர் முதலிய ஊராட்சிப் பொறுப்புகளைக் குறிக்கும் சொற்களும் சேர்வராயன் வழிபாட்டுச் சொற்களும் இதனுள் அடங்கும். சிற்றூர், ஓடை, பாறை, காட்டுத்துண்டு ஆகியவற்றின் நுண்பெயர்கள் நான்காவது. வருவாய்த்துறை ஆவணங்கள் எட்டாத இப்பெயர்களில் பழைய ஒலிகள் தங்கியிருக்க வாய்ப்பு மிகுதி.

சொற்பட்டியல் மட்டும் போதாது. ஒவ்வொரு சொல்லும் ஒலிப்பதிவாகவும் முழுத்தொடராகவும், பேசுபவரின் அகவை, பால், ஊர் ஆகிய விவரங்களோடும் பதிவுபெற வேண்டும். மூன்று தலைமுறையினரிடமும் ஒரே வினா கேட்கப்படின், எத்தலைமுறையில் எச்சொல் நின்றது என்பது தெளிவாகும். டோரியன் கூறிய அரைப் பேச்சாளர் மாரமங்கலத்தில் உள்ளனரா என்பதும் அப்போது புலப்படும். பதிவின் ஒரு படி ஊருக்கே உரியதாக, ஊர்ப்பள்ளியிலேயே வைக்கப்படுதல் முறையாகும்.

10. முடிவுரை

சேர்வராயன் மலையின் மலையாளி வழக்கு, பேசுவோர் தொகை குறைந்தமையால் பதிவிலிருந்து விடுபட்டதன்று. தமிழ் என்னும் பெயர் அதனை முழுமையாக மூடியமையால் விடுபட்டது. தனிமொழி என நிறுவினாலன்றிப் பாதுகாப்பு இல்லை என்னும் நிலை, தமிழின் வழக்குகளுக்கு இழப்பையே தரும். தனிமொழியாக இல்லாதிருப்பது ஒரு வழக்கின் மதிப்பைக் குறைப்பதில்லை; தமிழின் பழைய ஒலிகளும் சொற்களும் இடப்பெயர்வின் தடயங்களும் அத்தகைய வழக்குகளில்தான் தேடத்தக்கன.

திசைச்சொல்லுக்கு இலக்கணத்தில் இடமளித்த மொழி தமிழ். பன்னிரு நிலங்களைப் பற்றி உரையாசிரியர்கள் விட்டுச்சென்றவை சில சொற்களே. மாரமங்கலத்தைப் பற்றி இன்றைய தமிழாய்வு விட்டுச்செல்வது அதனினும் மிகுதியாக இருத்தல் வேண்டும். அதற்குரிய சொற்களை அறிந்த முதியோர் இன்னும் அவ்வூர்களில் வாழும் காலத்திலேயே அப்பணி தொடங்கப்பட வேண்டும்.